பிள்ளையை ஏந்தும் கைக்குத் தகுதி கேட்காத அரசு

2025 ஏப்ரல் 29 அன்று மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் நான்கு வயதுப் பெண் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். கோடை வகுப்புக்கென்று பெற்றோர் நம்பிக் கொண்டுபோய் விட்ட பிள்ளை. அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜனவரி 3 அன்று, விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை பள்ளி வளாகத்திலேயே கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். இரண்டு இடங்களிலும் கைது நடந்தது. மதுரைப் பள்ளிக்குச் சீல் வைத்தார்கள். தொட்டி மூடிகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியது.

மூடியைப் பற்றிப் பேச வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் குழந்தை யார் கண் பார்வையில் இருந்தது? அவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? கண் இமைக்கும் நேரத்தில் பிள்ளை எங்கெல்லாம் போகும் என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தார்களா? தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளைக்கு முதல் நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒருவருக்காவது தெரியுமா? விசாரணை எதுவானாலும் இந்த நான்கு கேள்விகளில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் குழந்தைகளுக்கான விதி ஒவ்வொன்றும் ஒரு பாடைக்குப் பின்னால் நடந்து வந்திருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதன் பிறகே பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. 2012 ஜூலையில் தாம்பரம் பகுதியில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அதன் பிறகே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன, ஓட்டுபவருக்கு எவ்வளவு அனுபவம் வேண்டும் என்பது உட்பட. கூரைக்கு விதி உண்டு. பேருந்துக்கு உண்டு. மூடிக்கும் இனி இருக்கும். நாள் முழுக்கப் பிள்ளையை ஏந்தி நிற்கும் கை மட்டும் இன்றுவரை எந்த விதியிலும் சரியாக அகப்படவில்லை. அரை மணி நேரம் பிள்ளையை ஏற்றிச் செல்பவரிடம் தகுதி கேட்கும் அரசு, ஒன்பது மணி நேரம் வைத்திருப்பவரிடம் எதையும் கேட்காமல் இருப்பதை இந்தத் தலையங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

மருந்துக் கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்றுநராக இருக்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் ஐந்து ஆண்டு ஓட்டிய அனுபவமும் வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. தெருவில் இட்லி விற்கும் அம்மாகூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் வாடகைக்கு ஒரு வீட்டைப் பிடித்து, சுவரில் முயல் படம் வரைந்து, கேட்டில் ‘டே கேர்’ என்று ஃப்ளெக்ஸ் கட்டி, ஆறு மாதப் பிள்ளைகள் பத்துப் பேரை வாங்கி வைத்துக்கொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம், எந்தப் பயிற்சியும் வேண்டாம். குழந்தைக் காப்பகம் நடத்த உரிமம் கட்டாயம் என்று சொல்லும் தனி மத்தியச் சட்டம் இந்தியாவில் கிடையாது. தமிழ்நாட்டில் 2015-ல் ப்ளே ஸ்கூல்களுக்கு ஒரு விதித்தொகுப்பு வந்தது. அது பள்ளியை மனத்தில் வைத்து எழுதியது. பால் குடித்துவிட்டு ஏப்பம் விடத் தெரியாத பிள்ளையை வைத்திருக்கும் இடத்துக்குப் பொறுப்பு யார்? பள்ளிக்கல்வித் துறையா, சமூக நலத் துறையா, மாநகராட்சியா, தொழிலாளர் துறையா? நான்கு துறைகளின் பெயரைச் சொல்ல முடிகிறது. பொறுப்பேற்கும் ஒரு துறையைச் சொல்ல முடியவில்லை.

இதில் மிகவும் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. பிள்ளையைப் பார்ப்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்ற கொள்கையை நாடு அறியாமல் இல்லை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. அந்த அறை குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் எழுதியது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதையே சொன்னது. 1996-ல் கட்டுமானத் தொழிலாளருக்கு வந்த சட்டமும் அதையே சொன்னது. தேயிலைத் தோட்டத்துக்கும் செங்கல் தூக்கும் இடத்துக்கும் பொருந்தும் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட ஒரு வரி, மாதம் பிறந்தால் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் நகரத்து டே கேருக்கு ஏன் பொருந்தாமல் போயிற்று? அந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு இப்போது 2020-ன் தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவற்றின் கீழ் மாநிலம் எழுதும் விதிகளில் ‘பயிற்சி பெற்ற’ என்ற சொல் கரைந்து போனால், எழுபத்தைந்து ஆண்டுக்கு முன்னால் இருந்த இடத்துக்கும் பின்னால் போய்விடுவோம்.

2017-ல் மகப்பேறு பயன்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரெச் எனும் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். நல்ல திருத்தம். அடுத்த ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. வழிகாட்டுதல் என்பது செய்தால் நல்லது என்ற வகை. செய்யாதவர் கதவை யாரும் தட்டப் போவதில்லை. நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் தைப்பவர்கள், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செருப்புக்கு மேல்தோல் தைப்பவர்கள், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கோப்பவர்கள். அந்தப் பெருமையை முதலீட்டாளர் மாநாடுகளில் சொல்கிறோம். அந்தப் பெண்களின் பிள்ளைகள் அந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறார்கள் என்று எந்த மாநாட்டிலும் சொன்னதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். தனியார் நிறுவனத்தில் மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்த தாய் வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளைக்கு நாலரை மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. கழுத்து இப்போதுதான் நின்றிருக்கும். தமிழ்நாட்டு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு ஓராண்டு விடுப்புத் தருகிறது, பாராட்டுகிறோம். அந்த ஓராண்டு கிடைக்காத லட்சக்கணக்கான தாய்மார்கள் கழுத்து நின்ற பிள்ளையை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். அங்கன்வாடி உண்டே என்று கேட்கலாம். ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இந்த மாநிலத்தின் பெருமைதான். ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு வயது முடிந்த பிள்ளைகளைத்தான் உட்கார வைத்துக்கொள்கின்றன. மாலை ஆறு மணி ஷிஃப்ட் முடியும் தாய்க்காகத் திறந்திருப்பதில்லை. நாலரை மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் இந்த டே கேர்கள் முளைத்திருக்கின்றன. தேவையில்லாத இடத்தில் அவை முளைக்கவில்லை. தேவை உண்மையாக இருப்பதால்தான் அதன் தரத்தைப் பற்றி இவ்வளவு கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

பயிற்சி என்று எதைச் சொல்கிறோம்? ‘பிள்ளை வளர்க்கப் படிப்பு எதற்கு, நம் பாட்டிகள் சான்றிதழ் வாங்கினார்களா’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே விரிவாகச் சொல்கிறோம்.

எட்டு மாதப் பிள்ளைக்குப் புரை ஏறுகிறது. நம் வீடுகளில் உச்சந்தலையில் தட்டி ‘மேலே பார், காக்கா பார்’ என்போம். பால் புரை ஏறினால் பிள்ளை தானே இருமிச் சரியாகிவிடும். தட்டியதால் சரியானது என்று நினைத்துக்கொள்வோம். தொண்டையில் சிக்கியது நிலக்கடலையோ, திராட்சையோ, சட்டைப் பொத்தானோ என்றால் பிள்ளை இருமாது. அழக்கூட முடியாது. சத்தமே வராமல் உதடு நீலமாகும். அப்போது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் உள்ளே போகும். பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். திரும்பவும் தட்ட வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை நான்கைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்களுக்குள் வருவது அரிது. அந்த நேரத்தில் பிள்ளைக்கு இருக்கும் ஒரே மருத்துவர், பக்கத்தில் நிற்கும் ஆயாம்மாதான். அவருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு முற்பகல் போதும். பொம்மையை வைத்துக் கையால் செய்து பழக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு முற்பகலைக் கட்டாயமாக்க நம் அரசுகளுக்கு இத்தனை ஆண்டுகள் போதவில்லை.

காய்ச்சலில் பிள்ளைக்கு வலிப்பு வருகிறது. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கு நடுவில் கரண்டியை நுழைப்பதும் இன்றும் நடக்கின்றன. செய்ய வேண்டியதோ, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பது. கைக்குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைத்தால் சீக்கிரம் தூங்கிவிடும் என்று பலர் செய்கிறார்கள். ஓராண்டுக்குள் இருக்கும் பிள்ளையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும் என்று உலகத்துக் குழந்தை மருத்துவம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. பேதியாகும் பிள்ளையின் உச்சிக்குழி அமுங்கியிருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். அதைத் தொட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். அடம் பிடிக்கும் பிள்ளையைத் தூங்க வைக்கச் சளி மருந்தை ஊற்றுவது குற்றம் என்று தெரிய வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் பச்சைக் குழந்தைகளின் உயிரைக் குடித்ததை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் மருந்துப் பாட்டிலை அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் காப்பகங்களை மன்னிக்க முடியாது.

உடம்பைக் காப்பது பாதிதான். தேசியக் கல்விக் கொள்கை 2020, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறது. அந்த ஆறு ஆண்டுகளில் பிள்ளை யார் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, யார் பேசுவதைக் கேட்கிறது, அழுதால் யார் தூக்குகிறார் என்பதெல்லாம் அந்த வளர்ச்சியின் பகுதி. நாள் முழுக்கச் செல்போனில் ரைம்ஸ் ஓடவிட்டுப் பிள்ளைகளைத் தொட்டிலில் வரிசையாகப் போட்டு வைப்பது பராமரிப்பு ஆகாது. பயிற்சி பெற்றவர் டயப்பர் மாற்றும்போதுகூடப் பிள்ளையோடு பேசுவார். பத்து மாதமாகியும் பெயர் சொன்னால் திரும்பாத பிள்ளையை முதலில் கவனிப்பவர் அவராகத்தான் இருப்பார். காதுப் பிரச்சினையா, வேறு ஏதாவதா என்று மருத்துவரிடம் அனுப்பச் சொல்வார். உடம்பில் காணும் தழும்பு விழுந்ததால் வந்ததா, யாராவது அடித்ததா என்று அவருக்குச் சந்தேகம் வரும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ன் போக்சோ சட்டம், தெரிந்தும் புகார் தராமல் இருப்பதையே தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. அந்தக் கடமை தனக்கு இருக்கிறது என்று தெரிந்த ஆயாம்மாக்கள் எத்தனை பேர்?

பாட்டியைப் பற்றிச் சொன்னோம். பாட்டி ஒரு பிள்ளையை, தன் வீட்டில், தன் ரத்தத்தை வளர்த்தாள். சுற்றிலும் அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டு அம்மாவும் இருந்தார்கள். பிள்ளைக்கு ஒன்றென்றால் நாலு கை நீண்டது. டே கேரில் ஒரு பெண் எட்டுப் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள், எட்டும் எட்டு வீட்டுப் பிள்ளை. தாலாட்டும் தடவிக்கொடுக்கும் கையும் பாட்டி தந்த சொத்து. அவற்றைக் காப்பகத்துக்குள் கொண்டுவர வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவதும் மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதும்கூடப் பாட்டி வழியில்தான் வந்தன. அவற்றை வெளியே நிறுத்த வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் பயிற்சி.

சி.சி.டி.வி. இருக்கிறதே என்று உரிமையாளர்கள் சொல்கிறார்கள். பெற்றோரும் அட்மிஷனுக்குப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், ஏ.சி. உண்டா, ஆப்பில் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில் பத்து மாதக் குழந்தையை ஆயா ஒருவர் அடித்து உதைத்ததை கேமரா பதிவு செய்தது. 2025 ஆகஸ்டில் நொய்டாவில் பதினைந்து மாதக் குழந்தைக்கு நடந்த கொடுமையையும் கேமரா பதிவு செய்தது. இரண்டு முறையும் கேமரா தன் வேலையைச் சரியாகச் செய்தது; பிள்ளை அடி வாங்கிய பிறகு சாட்சி சொன்னது. பயிற்சி வந்துவிட்டால் கொடுமையே நடக்காது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒருவரை வேலைக்கு எடுக்கும் முன் அவர் யார், வயது என்ன, முன்பு எங்கே இருந்தார் என்று போலீஸ் சரிபார்ப்பு நடந்து, சில மாதம் ஒரு மூத்த பணியாளரின் கண்ணெதிரில் வேலை பழகி, அழுகை நிற்காத பிள்ளையைத் தாங்க முடியாமல் போகும்போது அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வரலாம் என்று கற்றிருந்தால், பல கை ஓங்கியபடியே நின்றிருக்கும்.

பெற்றோரே, உங்கள் மேலும் வருத்தம் உண்டு. பள்ளியில் ஆசிரியை எம்.எஸ்ஸி.யா பி.எட்.டா என்று விசாரிக்கும் நீங்கள், அதைவிடச் சிறிய பிள்ளையை விடும்போது அந்த அம்மா என்ன படித்தார் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஏழைப் பிள்ளையைப் பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கு, வேலையில் சேர்ந்த பின் பல வாரம் நீளும் பணிப் பயிற்சி என்ற ஏற்பாடு 1975-ல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். திட்டத்தில் இருக்கிறது. எடை பார்க்க, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க, தடுப்பூசி நாளைச் சொல்ல அவருக்குத் தெரியும். மாதம் பத்தாயிரம் கட்டும் வீட்டுப் பிள்ளை இருக்கும் இடத்தில் அந்த அளவும் கட்டாயமில்லை. ஆனால் அங்கன்வாடியை வைத்து அரசு நெஞ்சை நிமிர்த்தவும் வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைந்த படிப்புள்ளவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பு என்று 2020-ன் கல்விக் கொள்கை எழுதியது. 2023-ல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் அவர்களுக்கென வகுத்த நேரடிப் பயிற்சியோ மூன்று நாள். ஆறு மாதம் என்று எழுதிய கை மூன்று நாளில் எப்படி நின்றது என்பதற்கு மத்திய அரசு பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசு அவர்களுக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 4,500 ரூபாய் ஆனது. அதே பெண் பதிவேடு எழுத வேண்டும், செல்போன் செயலியில் விவரம் ஏற்ற வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏற வேண்டும். பிள்ளையோடு உட்கார நேரம் எது?

பிள்ளை பார்ப்பவருக்குப் பயிற்சி தருவது இந்த மண்ணுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். இரண்டாம் உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கி, அங்கேயும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தன் முறையைக் கூர்மைப்படுத்தினார். பள்ளிக்கு முந்தைய பருவத்துக் குழந்தைகளைப் பற்றி 1972-ல் அறிக்கை தந்த மத்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் மீனா சுவாமிநாதன். பின்னாளில் சென்னையில் இருந்து இதே துறைக்காக உழைத்தவர். 1969-ல் டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்துக் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் தொடங்கிய ‘மொபைல் கிரெச்சஸ்’, பிள்ளை பார்க்க வந்த சாதாரணப் பெண்களைத் தேர்ந்த பணியாளர்களாக்கிக் காட்டியது. கூடாரத்துக்குள், சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் அதைச் செய்ய முடிந்தது. டைல்ஸ் போட்ட வீட்டுக்குள் முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

கட்டணம் ஏறிவிடும் என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. படித்த பெண்ணுக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டும். ஒருவருக்கு இத்தனை பிள்ளைதான் என்றால் ஆள் கூட வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்று கணக்கு. அங்கே குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர் ஒருவராவது எப்போதும் வளாகத்தில் இருக்க வேண்டும், அதையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அவ்வளவு தூரம் ஒரே நாளில் போக முடியாது. நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டு மழலைப் பருவக் கொள்கை, மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்றது. குறைந்தது அதையாவது சட்டமாக்கலாம். கூடும் செலவை ஏழைத் தாயின் தலையில் ஏற்றாமல் இருக்க அரசும் ஆலை முதலாளிகளும் பங்கெடுக்க வேண்டும். செலவாகும் என்பதற்காகத் தீயணைப்புக் கருவி வேண்டாம் என்று எந்தப் பள்ளிக்கும் சலுகை தரவில்லையே.

வீட்டிலேயே நாலு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பிழைக்கும் பெண்களின் வயிற்றில் அடிக்கச் சொல்லவும் இல்லை. பூட்டுப் போடுவது சுலபம். அதிகாரிகளுக்கு அது பிடிக்கவும் செய்யும். பூட்டிய மறுநாள் பிள்ளைகள் இதைவிட மோசமான இடத்துக்குப் போவார்கள். எட்டாவது படித்த பெண்ணும் அருமையாகப் பிள்ளை பார்ப்பார். அவருக்கு வேண்டியது தமிழில், பொம்மையைக் கையில் கொடுத்து, கூலி இழப்பு இல்லாமல் நடத்தும் பயிற்சி. பட்டம் கேட்டு அவரை வெளியே தள்ளுவது அநியாயம், எதுவும் கேட்காமல் விடுவது அதைவிட அநியாயம்.

எனவே தமிழ்நாட்டு அரசு செய்ய வேண்டியவற்றைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். கட்டணம் வாங்கி அடுத்தவர் பிள்ளையை வைத்திருக்கும் இடம் எதுவானாலும், அதன் பெயர் கிரெச்சோ டே கேரோ ப்ளே ஸ்கூலோ, ஒரே துறையின் கீழ் பதிவாக வேண்டும். பதிவு இல்லாத இடத்தின் பெயர்ப்பலகை இறங்க வேண்டும். பொறுப்பாளருக்கு மழலைப் பருவப் பராமரிப்பில் முறையான படிப்பு வேண்டும். இக்னோ இந்தத் துறையில் பட்டயப் படிப்பை ஆண்டுக்கணக்கில் நடத்திவருகிறது, நம் மனையியல் கல்லூரிகளிலும் குழந்தை வளர்ச்சி பாடமாக இருக்கிறது, எனவே படிக்க இடமில்லை என்ற சாக்கு எடுபடாது. பிள்ளையைத் தொடும் ஒவ்வொருவருக்கும், சமையல் அம்மா உட்பட, வேலையில் சேரும் முன் முதலுதவியும் உயிர்காப்பும் கற்பிக்க வேண்டும். குறித்த கால இடைவெளியில் திரும்பக் கற்பிக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஓராண்டு அவகாசமும் அரசு செலவில் பயிற்சியும் தர வேண்டும். பயிற்சி முடித்தவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் தனிப் பிரிவு வேண்டும். இல்லையென்றால் பயிற்சி பெற்றவர் மறுநாளே துணிக்கடை வேலைக்குப் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆய்வாளர் முன்கூட்டிச் சொல்லாமல் வர வேண்டும். வந்தவர் கட்டட வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போகாமல், அங்கே நிற்கும் பெண்ணின் கையில் பொம்மையைக் கொடுத்து, ‘இந்தப் பிள்ளைக்கு மூச்சு வரவில்லை, என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும்.

இதற்குப் புதிய குழு வேண்டாம், புதிய ஆய்வறிக்கை வேண்டாம். 1948-ன் சட்ட வாசகம் இருக்கிறது, 2013-ன் கொள்கை இருக்கிறது, 2018-ன் வழிகாட்டுதல் இருக்கிறது, 2020-ன் வாக்குறுதி இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மசோதாவாக அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். கொண்டுவராமல் காலம் கடத்தி, நாளை இன்னொரு ஊரில் இன்னொரு பிள்ளை போனால், அதை விபத்து என்று அறிக்கை விடும் உரிமை இந்த அரசுக்கு இருக்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலை பிள்ளையை விடும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கேளுங்கள்: ‘என் பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வீர்கள்?’ பதில் வராத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். ஆனால் எட்டு மணி ஷிஃப்டுக்கு ஓடும் தாய்க்கு அப்படித் திரும்பி வரவும் வழியில்லை. அவளுக்கு வேறு இடமில்லை, வேறு கையும் இல்லை. அவள் கேட்க முடியாத அந்தக் கேள்வியை அவளுக்காக அரசுதான் கேட்க வேண்டும்.